விபத்துக்கு வண்டிக் கோளாறுதான் காரணமா? கண்டறியும் முழு வழிகாட்டி

"பிரேக் பிடிக்கவில்லை." "ஸ்டீயரிங் திரும்பவே இல்லை." "டயர் வெடித்து வண்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது." விபத்துக்குப் பிறகு ஓட்டியவர் சொல்லும் இந்த வார்த்தைகளை அப்படியே நம்பவும் கூடாது, ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. மோதிய காரில் பல பாகங்கள் எப்படியும் உடைந்துதான் கிடக்கும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முறிந்திருக்கும், டயரில் காற்று இருக்காது, பிரேக் ஆயில் தரையில் கொட்டியிருக்கும். இவற்றில் எது மோதலுக்கு முன்பே போனது, எது மோதலால் போனது என்று பிரித்தெடுப்பதுதான் இந்த ஆய்வின் மொத்த வேலையும்.

ஒவ்வொரு பாகத்தையும் பார்க்கும்போது மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும். கோளாறு உண்மையிலேயே இருக்கிறதா? அது மோதலுக்கு முன்பே இருந்ததா? அது இல்லாவிட்டால் இந்த விபத்து நடந்திருக்காதா? மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால்தான் கோளாறைக் காரணம் என்று சொல்லலாம். முதல் கேள்வியோடு நின்றுவிட்டு, "தேய்ந்த பிரேக் பேட் கிடைத்தது, எனவே அதுதான் காரணம்" என்று எழுதப்பட்ட அறிக்கைகள் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

வண்டிக் கோளாறு எவ்வளவு அரிது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2005 முதல் 2007 வரை நடத்திய கள ஆய்வில், விபத்துக்கு முந்தைய கடைசித் தீர்மானமான காரணி வண்டியைச் சேர்ந்ததாக இருந்தது ஏறக்குறைய 2 சதவீத விபத்துகளில்தான். அந்த 2 சதவீதத்துக்குள் டயரும் சக்கரமும் சுமார் 35 சதவீதம், பிரேக் சுமார் 22 சதவீதம். ஆனால் அந்த ஆய்வில் வண்டிகளை வெளியிலிருந்து கண்ணால் பார்த்தே பெரும்பாலும் குறித்தார்கள். கழற்றிப் பார்த்தால் மட்டுமே தெரியும் கோளாறுகள் அந்தக் கணக்கில் வர வழியில்லை. ஆகவே டயரிலிருந்து தொடங்குவது சரி. வெளியே ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக ஆய்வை மூடிவிடுவது தவறு.

முதல் படி: வண்டியை அப்படியே நிறுத்தி வையுங்கள்

சாட்சியம் அழிவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, அவசரத்தால்தான். இழுவை வண்டிக்காரர் ஸ்டீயரிங்கைத் திருப்புவார். ஷெட்டில் ஒருவர் "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று சாவியைப் போடுவார். இன்னொருவர் பிரேக் பெடலை நாலு முறை மிதித்துப் பார்ப்பார். அதுவரை ரிசர்வாயரில் (பிரேக் ஆயில் தொட்டியில்) மிச்சமிருந்த ஆயில் வெளியே போய்விடும், குழாய்க்குள் காற்று இருந்ததா என்பதும் தெரியாமல் போய்விடும்.

எனவே இக்னிஷனைப் போடாதீர்கள், பெடலை மிதிக்காதீர்கள், எந்த ஆயிலையும் நிரப்பாதீர்கள். வண்டியைச் சக்கரத்தில் உருட்டி இழுக்காமல் மேடை வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். கூரையுள்ள, பூட்டப்பட்ட இடத்தில் வையுங்கள். முறிந்த உலோகத்தின் மேல் ஒரு மழை பட்டாலே மறுநாள் துரு ஏறிவிடும், பழைய துருவையும் புதிய துருவையும் பிரிப்பது கடினமாகிவிடும். பேட்டரியைக் கழற்ற வேண்டிய ஆபத்து இருந்தால் கழற்றுங்கள். காரின் கருவி தானாகப் பதியும் விபத்துப் பதிவு (நான்காவது படியில் பார்ப்போம்) மின்சாரம் இல்லாமலும் நிற்கும் நினைவகத்தில் இருக்கும், அழியாது. ஆனால் சில பழைய வண்டிகளில் என்ஜின் கோளாறுக் குறியீடுகள் அழியலாம் என்பதால், கழற்றிய நேரத்தையும் யார் கழற்றினார் என்பதையும் எழுதி வையுங்கள்.

பிறகு படம். வண்டியை எட்டுத் திசையிலிருந்தும், அடிப்பக்கத்தையும் எடுங்கள். உள்ளே கியர் எந்த நிலையில் இருக்கிறது, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, விளக்கு சுவிட்ச் எங்கே, சாவி எந்த நிலையில், டேஷ்போர்டு முள்கள் எங்கே நிற்கின்றன, தரை மேட் எப்படிக் கிடக்கிறது, பெடலுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் ஏதும் உருண்டு கிடக்கிறதா என்பதையெல்லாம் கையால் நகர்த்தும் முன் எடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் மூன்று தூரத்தில் எடுப்பது நல்லது: எங்கே இருக்கிறது என்று தெரியும்படி ஒன்று, முழுப் பாகம் ஒன்று, அளவுகோலுடன் நெருக்கமாக ஒன்று.

காப்பீட்டு நிறுவனம் வண்டியைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டால் எல்லாம் போயிற்று. வண்டி ஆதாரமாக வேண்டும், ஆய்வு முடியும் வரை விற்கவோ பிரிக்கவோ கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். பாகத்தை அறுப்பது, கழற்றிச் சோதிப்பது போன்ற, திரும்ப வைக்க முடியாத எதையும் எதிர்த்தரப்புக்கு அறிவிக்காமல் செய்யாதீர்கள்.

இரண்டாவது படி: சாலை

காரைவிட சாலைதான் சீக்கிரம் அழியும். ஒரு மழை, ஒரு நாள் போக்குவரத்து போதும். முடிந்தால் அன்றே போய் அளந்துவிடுங்கள்.

முதலில் டயர் தடம். ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில் நான்கு சக்கரமும் கறுப்பாகத் தடம் பதித்திருந்தால், பிரேக் நான்கிலும் பிடித்திருக்கிறது. "பிரேக்கே இல்லை" என்ற பேச்சு அங்கேயே முடிகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் தடம் இருந்தால் மறுபக்கத்தைத் திறந்து பார்க்கக் காரணம் கிடைக்கிறது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் தடம் மிக மங்கலாக, விட்டுவிட்டுத் தெரியும். தாழ்ந்த வெயிலில் குனிந்து பார்த்தால்தான் பிடிபடும். தடமே இல்லை என்பதை வைத்து மட்டும் பிரேக் அடிக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. வளைந்து போகும் தடத்தில் சாய்வான கீற்றுகள் இருந்தால் அது பக்கவாட்டில் சறுக்கிய தடம். அதை பிரேக் தடமாக அளந்தால் வேகக் கணக்கு தப்பும்.

அடுத்தது சாலையில் விழுந்த கீறலும் பள்ளமும். ரிம் தரையில் உரசிய கீறல், கழன்ற பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) தார் மேல் குத்திய குழி ஆகியவை மோதிய இடத்தை வண்டி அடையும் முன்பே தொடங்குகின்றனவா, அங்கிருந்துதான் தொடங்குகின்றனவா? முன்பே என்றால் அந்தப் பாகம் மோதலுக்கு முன்பே விட்டுவிட்டது. இதைவிட நேரடியான சாட்சியம் கிடைப்பது அரிது. அதேபோல் பிரேக் ஆயில் சொட்டுகள் எங்கே தொடங்குகின்றன, டயர்த் துண்டுகள் வண்டி வந்த வழியில் எத்தனை மீட்டர் பின்னால் கிடக்கின்றன என்றும் அளந்து வரைபடத்தில் குறியுங்கள். விபத்து நடந்த இடத்திலிருந்து வண்டி வந்த வழியில் ஒரு 200 மீட்டராவது நடந்து பாருங்கள். தேட வேண்டிய வீல் நட் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

தடத்தின் நீளத்திலிருந்து வேகம்: உராய்வுக் கெழுவை (டயர் சாலையைப் பற்றும் அளவைச் சொல்லும் எண்) 2-ஆலும் 9.81-ஆலும் தடத்தின் நீளத்தாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு மீட்டரில் வேகம் வரும். உலர்ந்த தார்ச் சாலைக்குக் கெழு 0.7 என்று கொண்டால், 20 மீட்டர் தடத்துக்கு 16.6, அதாவது மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வண்டி தடத்தின் முடிவில் எதிலும் மோதாமல் தானாக நின்றிருந்தால்தான் இது முழு வேகம். மோதி நின்றிருந்தால் இது குறைந்தபட்சம் மட்டுமே.

மூன்றாவது படி: ஓட்டியவரிடம் சரியான கேள்வி

"பிரேக் வேலை செய்ததா?" என்று கேட்காதீர்கள். "பெடல் காலுக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். பதிலே பாகத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பெடல் தடையே இல்லாமல் தரைவரை போனது என்றால் ஆயில் கசிவு, மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் உருளை) சீல், ஆயில் கொதிப்பு ஆகிய மூன்றில் ஒன்று. மிதித்தபடியே வைத்திருக்க மெதுவாக இறங்கியது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சீல் தாண்டி ஆயில் கடக்கிறது. கல்லாக இருந்தது, மிதிக்கவே முடியவில்லை என்றால் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது என்ஜின் நின்றுவிட்டது. பெடல் நன்றாகவே இருந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் எரிந்து வழுவழுப்பாகியிருக்கலாம், டிஸ்க்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது சாலை வழுக்கியிருக்கலாம். பெடல் காலை உதறித் தள்ளியது, கடகடவென்று அதிர்ந்தது என்றால் அது பெரும்பாலும் கோளாறே இல்லை. ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்திருக்கிறது. அதற்குப் பழகாதவர் பிரேக் போய்விட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவதும் உண்டு.

ஒரு வாரமாக வண்டி ஒரு பக்கம் இழுத்ததா, எச்சரிக்கை விளக்கு எரிந்ததா, சத்தம் வந்ததா, கடைசியாக எந்த வேலை செய்யப்பட்டது என்பதையும் கேளுங்கள். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். தொழில்நுட்பச் சொல்லாக நீங்கள் மாற்றி எழுதினால், பிறகு அது அவருடைய சாட்சியமாக இருக்காது.

நான்காவது படி: விபத்துப் பதிவு

இப்போதைய கார்களில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் விபத்துப் பதிவு கருவி இருக்கிறது, சுருக்கமாக ஈ.டி.ஆர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் எல்லா கார்களுக்கும் இது கட்டாயம். பொதுவாக மோதலுக்கு முந்தைய 5 விநாடிகளின் வேகம், ஆக்ஸிலேட்டர் அளவு, பிரேக் சுவிட்ச், என்ஜின் சுழற்சி, சீட் பெல்ட், சில வண்டிகளில் ஸ்டீயரிங் கோணமும் ஏ.பி.எஸ். செயல்பாடும் இதில் பதிவாகியிருக்கும். ஏர்பேக் விரிந்த பதிவு பூட்டப்பட்டுவிடும். விரியாத சிறு மோதலின் பதிவு, அடுத்த மோதலால் மேலெழுதப்படலாம். இழுவையின்போது சாவி போடப்பட்ட வண்டி இடிபட்டால் அதுவே போதும். அதனால்தான் இக்னிஷனைத் தொடாதே என்று முதலிலேயே சொன்னோம். பதிவை எடுப்பதற்கு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ வாங்கிக்கொள்ளுங்கள், உரிய கருவி வைத்திருக்கும் பயிற்சி பெற்றவரையே எடுக்கச் சொல்லுங்கள்.

பதிவைப் படிப்பதில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. அதில் வரும் வேகம் பெரும்பாலும் சக்கரம் சுழன்ற வேகம். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கினால் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். பிரேக் "ஆன்" என்றால் பெடலின் சுவிட்ச் தொடப்பட்டது என்றுதான் அர்த்தம், எவ்வளவு பலமாக மிதித்தார் என்று அது சொல்லாது. கடைசிப் புள்ளி மோதிய அதே கணத்துடையதாக இல்லாமல் அரை விநாடி வரை முந்தையதாக இருக்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பிரேக் ஆன், இரண்டு விநாடியில் வேகம் 80-லிருந்து 65-க்கு இறங்கியிருக்கிறது. 15 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 4.2 மீட்டர். அதை 2-ஆல் வகுத்தால் 2.1, அதாவது ஈர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.2 பங்கு. உலர்ந்த சாலையில் முழு பிரேக்குக்கு 0.7 பங்காவது வர வேண்டும். ஒன்று, ஓட்டியவர் மெதுவாக மிதித்தார். அல்லது, பிரேக் பலமிழந்திருந்தது. பிரேக் அழுத்தத்தையும் பதியும் வண்டியாக இருந்தால் பதில் அங்கேயே கிடைக்கும். இல்லையென்றால் பிரேக்கைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது படி: டயர்

காற்றில்லாத டயர் விபத்தின் காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். ரிம்மிலிருந்து கழற்றும் முன் டயர், ரிம், வால்வு மூன்றுக்கும் குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். பின்னால் ரிம்மின் அடியும் டயரின் வெட்டும் ஒரே இடத்தில் இருந்தனவா என்று பொருத்திப் பார்க்க அது வேண்டும். மற்ற மூன்று டயர்களின் காற்றழுத்தத்தையும் அளந்துகொள்ளுங்கள். பராமரிப்பு எப்படி இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

காற்று கசிந்து இறங்கிய டயரில் பல கிலோமீட்டர் ஓட்டியிருந்தால், உட்புறச் சுவரில் வட்டமாக ஒரு தேய்மானப் பட்டை இருக்கும், உள்ளே ரப்பர் தூள் கொட்டியிருக்கும், சுவர் மடிந்த கோடு சுற்றிலும் தெரியும். மோதலில் அந்த நொடியே காற்றுப் போன டயரில் இவை எதுவும் இருக்காது. ரிம் மடங்கிய இடமும் டயர் கிழிந்த இடமும் நேருக்கு நேர் பொருந்தினால், பெரும்பாலும் அது அடியால் வந்த கிழிசல். அந்த அடி விபத்தின் மோதலா, அதற்கு முன் விழுந்த பள்ளமா என்பதைச் சாலையில் எடுத்த அளவுதான் சொல்லும்.

மேல் ரப்பர் உரிந்த டயரில், கம்பி வலைப் படலங்கள் பிரிந்த இடத்தைப் பாருங்கள். வழுவழுப்பாக, பளபளத்து, நிறம் மாறி இருந்தால் அவை வெகு நாளாகப் பிரிந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்திருக்கின்றன. சொரசொரப்பாக, புத்தம் புதிதாகப் பிய்ந்திருந்தால் திடீரென்று கிழிந்தது. ஆணி ஓட்டை, தவறாக ஒட்டிய பஞ்சர், வெடித்த வால்வு ரப்பர் ஆகியவற்றையும் தேடுங்கள். பக்கச் சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மேல் ரப்பரில் உள்ள பள்ளத்தின் ஆழத்தை ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளங்கள். 1.6 மில்லிமீட்டர் என்பது பல நாடுகளில் சட்டப்படி குறைந்த அளவு. உலர்ந்த சாலையில் தேய்ந்த பள்ளம் பெரிதாகக் குற்றவாளியாகாது, தேங்கிய நீரில்தான் அது வண்டியை மிதக்க வைக்கும். அன்று மழை இருந்ததா என்று கேட்காமல் பள்ளத்தின் ஆழத்தை மட்டும் எழுதிவைப்பதில் பயனில்லை.

ஆறாவது படி: பிரேக்

காரின் பிரேக் இரண்டு தனித்தனி ஆயில் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் குறுக்காக: முன் இடதும் பின் வலதும் ஒன்று, முன் வலதும் பின் இடதும் மற்றொன்று. ஒரு குழாய் வெடித்தால் பாதி பிரேக் போகும், முழுவதும் போகாது. ஆகவே ஒரே நொடியில் முழு பிரேக்கும் போனது என்று சொல்லப்பட்டால் காரணப் பட்டியல் சுருங்கிவிடும்: ஆயில் கொதித்தது, மாஸ்டர் சிலிண்டர் அல்லது பெடல் இணைப்பு விட்டது, பூஸ்டர் உதவி போனது, அல்லது ஒரு சுற்று ஏற்கெனவே செத்துப்போய் யாரும் கவனிக்காமல் இருந்து இரண்டாவதும் அன்று போனது.

ரிசர்வாயரில் ஆயில் மட்டத்தைப் படம் எடுங்கள். ஆயிலை ஊசிக்குழாயால் எடுத்து உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் உடனே இறுக்கி மூடுங்கள். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுக்கும், அரை மணி நேரம் திறந்து வைத்தாலே அளவு சந்தேகத்துக்கு உள்ளாகும். டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும். ஏறக்குறைய 3.7 சதவீத நீர் சேர்ந்தபின் குறைந்தபட்ச வரையறை 155 டிகிரி. டாட் 3-க்கு இவை 205-ம் 140-ம். நீண்ட மலை இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்து வந்தால், ஈரமேறிய ஆயில் காலிப்பருக்குள்ளேயே (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. எனவே பெடல் தரைக்குப் போகும். வண்டி ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், பெடல் கல் போலத் திரும்பி வரும். ஆய்வாளர் மறுநாள் மிதித்துப் பார்த்து "பிரேக் நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுவார். தடயம் விடாத இந்தக் கோளாறைப் பிடிக்க மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆயிலின் கொதிநிலை குறைந்திருக்கிறது, டிஸ்க்கில் சூட்டால் நீலம் பாய்ந்து காலிப்பரின் தூசு ரப்பர் கருகியிருக்கிறது, வந்த பாதை நெடிய இறக்கம். மூன்றில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

குழாயும் ஹோஸும்: துருவால் ஓட்டை விழுந்த இரும்புக் குழாயில், ஓட்டையைச் சுற்றி உலோகம் மெலிந்து பழுப்பாக இருக்கும், சுற்றிலும் நெடுநாள் கசிவில் ஒட்டிய அழுக்குப் பசை இருக்கும். மோதலில் முறிந்த குழாய் நசுங்கி, மடங்கி, பளிச்சென்ற விளிம்புடன் இருக்கும். சக்கரத்தை முழுதாகத் திருப்பினால் டயரில் உரசும்படி மாட்டப்பட்ட ஹோஸ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். அது ஷெட்டில் நடந்த தவறு.

பேட் புதிதில் பொதுவாக 10 மில்லிமீட்டர் அளவு தடிப்பு, 3-க்குக் கீழ் போனால் மாற்ற வேண்டும். உள்பேடும் வெளிபேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா பாருங்கள். உள்பேடு 2, வெளிபேடு 8 என்றால் காலிப்பரின் நகரும் பின் இறுகிவிட்டது. டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிப்பு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், மைக்ரோமீட்டரால் அளந்து ஒப்பிடுங்கள். பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தாலும் வண்டி நிற்கும், தூரம்தான் கூடும். எவ்வளவு கூடியது என்பதைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

பூஸ்டருக்கு எளிய சோதனை உண்டு, வண்டி ஸ்டார்ட் ஆகும் நிலையில் இருந்தால், எல்லாப் பதிவும் எடுத்து முடித்த பிறகு மட்டும். என்ஜின் நின்றிருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் டயஃப்ரம், ஒருவழி வால்வு, வேக்குவம் ஹோஸ் மூன்றையும் சோதியுங்கள்.

ஏழாவது படி: முறிந்த உலோகத்தைப் படிப்பது

டை ராடு, பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் கம்பியின் மூட்டு, கன்ட்ரோல் ஆர்ம், ஸ்பிரிங், வீல் ஸ்டட் (சக்கர நட் மாட்டும் மரைக் கம்பி) எல்லாவற்றிலும் பதில் முறிந்த முகத்தில்தான் இருக்கிறது. பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு துண்டுகளையும் ஒருபோதும் சேர்த்து வைக்காதீர்கள். ஒருமுறை உரசினாலே நுண்ணிய கோடுகள் அழிந்துவிடும். துடைக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், விரலால் தொடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் தனித்தனிப் பையில் போட்டு மூடுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சாய்த்துப் பிடித்த டார்ச்சும் போதும், முதல் பார்வைக்கு. மோதலின் பலத்தால் ஒரே அடியில் முறிந்த உருக்கு, முகம் முழுவதும் ஒரே நிறத்தில், சாம்பல் மினுமினுப்புடன், சொரசொரப்பாக இருக்கும். பக்கத்தில் கம்பியும் வளைந்திருக்கும். உலோகச் சோர்வால் முறிந்ததில் இரண்டு பகுதிகள் தெரியும். ஒரு ஓரத்தில், பெரும்பாலும் ஒரு கீறலிலோ துருக் குழியிலோ மரையின் அடியிலோ ஆரம்பித்து, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல வளைவு வளைவாக விரியும் வழுவழுப்பான பகுதி ஒன்று. அது கறுத்தோ துருவேறியோ இருக்கும், விரிசல் அவ்வளவு நாளாக அங்கே வளர்ந்திருக்கிறது. மீதி, கடைசி நொடியில் அறுந்த சொரசொரப்பான புதிய பகுதி.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சோர்வு விரிசல் இருந்தது என்பது மோதலுக்கு முன்பே முழுதாக முறிந்தது என்பதற்கு நிரூபணம் அல்ல. முகத்தில் 20 சதவீதம் மட்டும் பழைய விரிசல், 80 சதவீதம் புதிய முறிவு என்றால், அந்தப் பாகம் மோதும் வரை தாங்கியிருந்து மோதலில் அறுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 90 சதவீதம் பழையது என்றால் சாதாரணத் திருப்பத்திலேயே விட்டிருக்கலாம். அதோடு நிற்காமல், முறிந்த சக்கரம் மோதல் பட்ட பக்கத்திலா எதிர்ப்பக்கத்திலா, வளைந்த திசை மோதல் விசையின் திசையோடு ஒத்துப்போகிறதா, சாலையில் முன்கூட்டியே கீறல் விழுந்ததா என்பதையும் சேர்த்துத்தான் தீர்ப்பு. தெளிவில்லாவிட்டால் உலோகவியல் ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள்.

கழன்றுபோன சக்கரத்தில் ரிம்மின் ஓட்டைகளைப் பாருங்கள். நட் தளர்ந்து நாள்பட ஓடியிருந்தால் ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும், ஸ்டட்டின் மரைகள் ஒரு பக்கம் மழுங்கியிருக்கும், நட்டைச் சுற்றித் துருக் கீற்றுகள் விசிறியடித்திருக்கும். மற்ற சக்கரங்களின் நட்களை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச்சால் சோதியுங்கள். கார்களுக்கு வழக்கமாக 90 முதல் 120 நியூட்டன் மீட்டர், சரியான எண் கையேட்டில் இருக்கும்.

எட்டாவது படி: ஆக்ஸிலேட்டர், விளக்கு, சுவிட்ச்

"வண்டி தானாகப் பாய்ந்தது" என்றால் முதலில் மேட், பிறகு பெடல் திரும்பி வரும் வேகம், பிறகு மின்னணு. பெடலில் இரண்டு சென்சார்கள் உண்டு, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணினி கோளாறுக் குறியீடு போட்டு சக்தியைக் குறைத்துவிடும். டொயோட்டா கார்கள் மேல் எழுந்த புகாரில் நாசாவின் பொறியாளர்கள் ஆராய்ந்து, மின்னணுக் கோளாறுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011-இல் முடிவு வெளியானது. தரை மேட்டில் சிக்கிய பெடலும் ஒட்டிக்கொண்ட பெடலும் அங்கே உண்மையான காரணங்களாக இருந்தன. பதிவில் ஆக்ஸிலேட்டர் 100 சதவீதம், பிரேக் ஆஃப் என்று கடைசி வரை இருந்தால், பிரேக் என்று நினைத்து மாற்றி மிதித்ததற்கே வாய்ப்பு அதிகம். செருப்பின் அடியில் பெடல் ரப்பரின் கோடு அழுந்தியிருந்தால் எடுத்து வையுங்கள், எந்தப் பெடலில் கால் இருந்தது என்று அது சொல்லும். உண்மையிலேயே பெடல் சிக்கிக்கொண்ட வண்டியில், எதிர்த்து மிதித்த பிரேக் நீலம் பாய்ந்து கருகியிருக்கும்.

பிரேக் விளக்கோ ஹெட்லைட்டோ எரிந்ததா என்ற கேள்வி வந்தால், இழைப் பல்பு அதைப் பதிவு செய்து வைத்திருக்கும். எரியும்போது மோதினால் சூடான இழை நீண்டு தாறுமாறாக நெளிந்துவிடும். அணைந்திருந்தால் ஒடியும், நெளியாது. எரியும் நிலையில் கண்ணாடி உடைந்தால் இழையில் மஞ்சள் வெள்ளைப் பொடி படியும். எல்.இ.டி. விளக்குகளில் இந்த வழி இல்லை.

சுவிட்சுகளை அற்பமாக நினைக்காதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்த விவகாரத்தில், இக்னிஷன் சுவிட்ச் ஓட்டத்திலேயே நழுவி என்ஜினையும் பவர் ஸ்டீயரிங்கையும் நிறுத்தியது, ஏர்பேக்கும் விரியவில்லை. பழைய சுவிட்சையும் பின்னால் வந்த சுவிட்சையும் பிரித்து வைத்து அளந்தபோதுதான், பாக எண் ஒன்றாகவே இருக்க உள்ளேயிருந்த ஸ்பிரிங் முனையின் நீளம் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. எனவே சந்தேகப்பட்ட பாகத்துடன் புதிய பாகம் ஒன்றையும், அதே காலத்து வேறு வண்டியின் பாகம் ஒன்றையும் வாங்கி, மூன்றையும் அருகருகே அளங்கள். வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொண்டு நிலுவையிலுள்ள ரீகால் ஏதும் உண்டா என்று தேடுங்கள். சர்வீஸ் ரசீதுகளில் கடைசியாகக் கழற்றப்பட்ட பாகம் எது என்று பாருங்கள். கழற்றி மாட்டிய இடத்தில்தான் தளர்ந்த நட்டும் விடுபட்ட பின்னும் அதிகம் கிடைக்கும்.

கடைசிப் படி: கோளாறு இல்லாதிருந்தால்?

மூன்றாவது கேள்விக்கு எண்ணால்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு காரில் பிரேக்கின் ஒரு சுற்று மோதலுக்கு முன்பே துருவால் ஓட்டையாகியிருந்தது என்று நிரூபித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். வேகம் மணிக்கு 60, அதாவது விநாடிக்கு 16.7 மீட்டர். கண்டு உணர்ந்து காலை வைக்க 1.5 விநாடி, அதற்குள் 25 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக் என்றால் இன்னும் 20 மீட்டரில் நிற்கும், மொத்தம் 45. பாதி பிரேக் என்றால் 40 மீட்டர் வேண்டும், மொத்தம் 65.

தடை 50 மீட்டர் தூரத்தில் தெரிந்தது என்றால், நல்ல பிரேக்கில் 5 மீட்டர் மிச்சம் வைத்து நின்றிருக்கும். பாதி பிரேக்கில் ஏறக்குறைய 37 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதும். இங்கே கோளாறுதான் காரணம். அதே தடை 30 மீட்டரில் திடீரென்று குறுக்கே வந்தது என்றால், நல்ல பிரேக்கிலும் சுமார் 52 கிலோமீட்டர் வேகத்தில் மோதியிருக்கும், பாதி பிரேக்கில் 56. கோளாறு உண்மை, அது முன்பே இருந்ததும் உண்மை, ஆனால் விபத்து அதனால் நடக்கவில்லை. அதே வண்டி, அதே ஓட்டை, வேறு தீர்ப்பு.

எதிர்வினை நேரத்தை 1 விநாடி என்றும் 2 விநாடி என்றும், உராய்வை 0.6 என்றும் 0.8 என்றும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே முடிவு வந்தால் உறுதியாக எழுதலாம். மாறினால், எந்த எல்லைக்குள் எந்த முடிவு என்று இரண்டையும் எழுதுங்கள். கூடவே தூக்கம், கைபேசி, வேகம், சாலையின் நிலை ஒவ்வொன்றையும் எந்தச் சான்றை வைத்து விலக்கினீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். அறிக்கையில் ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு சொற்றொடர்களில் ஒன்றையே பயன்படுத்துங்கள்: "கோளாறு இல்லை"; "கோளாறு மோதலால் வந்தது"; "கோளாறு முன்பே இருந்தது, காரணமல்ல"; "கோளாறு முன்பே இருந்தது, காரணம்". ஆராய முடியாத அளவு நசுங்கிய பாகத்தை இந்த நான்கில் எதிலும் சேர்க்காமல், "தீர்மானிக்க இயலவில்லை" என்று தனியாக எழுதி, பாகத்தைப் பையிலிட்டு முத்திரை வைத்துப் பாதுகாத்து வையுங்கள்.